கல்லாவை அளந்து பாருங்கள்: மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

அமைச்சருக்கும், செயலருக்கும், இணைய விளையாட்டு விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கும்,

2011ஆம் ஆண்டு என் கடைக்கு ஒருவர் டேப்போடு வந்தார். கோவில்பட்டியில் எட்டு சிஸ்டம் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். சிஸ்டத்துக்கும் சிஸ்டத்துக்கும் நடுவில் வைத்திருந்த பிளைவுட் தடுப்பை அவர் அளந்தார். நாலு அடி எட்டு அங்குலம். நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. இரண்டு அங்குலம் கூடுதல். மறுநாளே ஆசாரியை வரச்சொல்லி ஏழு தடுப்புகளையும் அறுத்தேன். மரத்தூள் கீபோர்டுக்குள் இறங்கி, ஒரு மாதத்துக்கு ஸ்பேஸ் பார் சிக்கிச் சிக்கித்தான் வேலை செய்தது.

அந்த விதி நீங்கள் போட்டது. அப்போது நீங்கள் தனி அமைச்சகம் இல்லை, தகவல் தொழில்நுட்பத் துறையாக இருந்தீர்கள். சைபர் கஃபேக்களுக்கான வழிகாட்டு விதிகள், 2011. வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். பெயர், முகவரி, வந்த நேரம், போன நேரம் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். நோட்டை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும். அட்டை இல்லாத சிறுவன் வந்தால் கூடவே ஒரு பெரியவர் இருக்க வேண்டும். மணிக்கு 15 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த கடைக்கு இவ்வளவும். முனகிக்கொண்டே எல்லாவற்றையும் செய்தேன்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்றால், என் தங்கை மகன், 13 வயது, அவன் அம்மா போனிலிருந்து ஐந்து வாரத்தில் 47 தடவையாக 16,830 ரூபாயை ஒரு விளையாட்டுக்குக் கட்டியிருக்கிறான். அந்த விளையாட்டுக்குள் டேப்போடு யாரும் போனதாகத் தெரியவில்லை.

நிறுவனத்துக்குப் புகார் எழுதினோம். நாலு நிமிடத்தில் பதில் வந்தது. நாலு நிமிடத்தில் வரும் பதிலை மனிதர் யாரும் எழுதியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் திரும்பத் திரும்ப எழுதினேன். நாலாவது கடிதத்துக்கு வந்த பதிலில்தான் விஷயம் இருந்தது. தங்கள் விளையாட்டைப் பதிவிறக்கக் காசு கிடையாதாம், அதில் வாங்குவது எல்லாம் அவரவர் விருப்பமாம், இந்தியச் சட்டப்படி அது பண விளையாட்டே இல்லையாம். நீங்கள் 2025இல் கொண்டுவந்த சட்டத்தை எனக்கே பாடம் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் இதை உங்களுக்கு, நாலு பேர் பார்க்க எழுதுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் விளையாட்டுக்கு எதிரி இல்லை. 2003 முதல் பத்து வருடத்துக்கு மேல் எனக்குச் சோறு போட்டதே விளையாட்டுதான். பிரவுசிங் என்று போர்டில் எழுதியிருந்தாலும், சனி ஞாயிறு கல்லா நிறைந்தது கவுன்டர் ஸ்டிரைக்கால். ரோட் ராஷ், வைஸ் சிட்டி, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் எல்லாம் ஓடும். அந்த சிடிகள் எங்கிருந்து வந்தன என்று மட்டும் கேட்காதீர்கள். நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம் உட்கார்ந்து, கடைக்குள் இருக்கும் சிஸ்டங்களை ஒன்றோடொன்று இணைத்து லேனில் ஆடும்போது தெருமுனை வரை சத்தம் கேட்கும். 2012இல் கரண்ட் கட் உச்சத்தில் இருந்தபோது, யுபிஎஸ் பீப் பீப் என்று அலற ஆரம்பித்ததும் 'பாம் வச்சிட்டேன், ரெண்டே நிமிஷம்ணே' என்று கெஞ்சுவார்கள்.

அந்தக் கடையில் ஒரு வரம்பு தானாகவே இருந்தது. பையன் சட்டைப்பையில் 30 ரூபாய் இருந்தால் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் திரை பூட்டிக்கொள்ளும், வீட்டுக்குப் போவான். போகாவிட்டாலும் அவன் அப்பாவை எனக்குத் தெரியும். 'உங்கப்பா மார்க்கெட் பக்கம் தேடிட்டு இருக்காரு, எந்திரி' என்று எத்தனை பேரைக் கிளப்பியிருக்கிறேன். இப்போது அந்தக் கடை சட்டைப்பைக்குள்ளேயே இருக்கிறது, 24 மணி நேரமும் திறந்து. கடைக்காரருக்கு அப்பாவையும் தெரியாது, பையனையும் தெரியாது. தெரிந்ததெல்லாம் யுபிஐ மட்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். தங்கை தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை மஸ்கட்டில். பள்ளி வேன் ஃபீஸ் கட்ட அவர் அனுப்பிய பணம் கணக்கில் இருக்கும் என்று நினைத்துப் போனவளுக்கு 212 ரூபாய்தான் இருந்தது. என் கடைக்கு ஓடிவந்தாள். ஸ்டேட்மென்ட்டை நானே பிரிண்ட் எடுத்து மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டேன். முதல் பக்கத்தில் அங்கங்கே மஞ்சள் இருந்தது. இரண்டாம் பக்கம் பூராவும் மஞ்சள். சிறியது 80 ரூபாய், பெரியது 800. பாதிக்கு மேல் இரவு ஒன்பதரைக்கு மேல் போனவை. ஷிஃப்ட் முடிந்து வந்து அவள் அசந்து தூங்கும் நேரம்.

பையனை அடிக்கவில்லை. கேட்டதும் அழுதுவிட்டான். அப்புறம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினான். 'அம்மா 80, அம்மா 80, அம்மா 240' என்று எழுதிக் கூட்டி வைத்திருக்கிறான். பொங்கலுக்குத் தாத்தா, மாமா எல்லாரும் தரும் காசில் திருப்பி வைத்துவிடலாம் என்று கணக்கு. மூன்றாவது வாரத்தோடு எழுதுவதை நிறுத்திவிட்டான். ஏன்டா என்று கேட்டதற்கு, 'கூட்டுனா பயமா இருந்துச்சு மாமா' என்றான்.

எதற்குச் செலவழித்தான் என்று பார்க்க நானே 240 ரூபாய் போட்டு ஆடிப் பார்த்தேன். துப்பாக்கிக்கு ஒரு ஸ்கின். நெருப்பு எரிகிற மாதிரி படம் போட்ட மேலுறை. அது போட்டால் குண்டு வேகமாகப் போகுமா என்றால் போகாது. ஆனால் கூட ஆடுகிறவர்கள் பார்ப்பார்கள். அதை நேராக விலை கொடுத்து வாங்க முடியாது, சக்கரம் சுற்ற வேண்டும். முதல் சுற்று மலிவு. ஒவ்வொரு சுற்றுக்கும் விலை ஏறும். ஸ்கின் தவிர மற்ற எல்லாக் குப்பையும் வரும். ரூபாய் என்ற சொல்லே சக்கரத்தின் பக்கத்தில் கிடையாது, எல்லாம் டைமண்ட். 300 டைமண்ட் வேண்டும் என்றால் 300 தர மாட்டார்கள். 240 பொட்டலம் ஒன்று, 520 பொட்டலம் ஒன்று. எப்படி வாங்கினாலும் கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சியது அடுத்த பொட்டலத்துக்கு இழுக்கும். மேலே சிவப்பு எழுத்தில் ஒரு கடிகாரம், இன்னும் 2 மணி 14 நிமிடத்தில் சலுகை முடியும் என்று ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் பார்த்தேன், அதே சலுகை, புதுக் கடிகாரம்.

செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாவில் வளையம் எறிகிற கடை போடுவார்கள். சோப்பு டப்பாவை விட வளையம் ஒரு நூல்தான் பெரிது, விழாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் வளையம் கண் முன்னால் இருக்கிறது, டப்பா கண் முன்னால் இருக்கிறது, காசு தீர்ந்தால் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். இந்தச் சக்கரத்தில் எந்த வளையம் எவ்வளவு பெரிது என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை அந்த ஸ்கின் விழும் என்ற எண்ணை எங்காவது எழுதியிருக்கிறார்களா என்று அரை மணி நேரம் தேடினேன்.

எங்கள் ஊர்க் கடலை மிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், உங்கள் ஊரிலும் கிடைக்கும். பாக்கெட் போட்டு விற்க வேண்டும் என்றால் எடை, அதிகபட்ச விலை, தேதி, தயாரித்தவர் முகவரி, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண், எல்லாம் அச்சடிக்க வேண்டும். விடுபட்டால் அபராதம். சின்ன மிட்டாய் பாக்கெட்டுக்கு இவ்வளவு கேட்கிற அரசாங்கம், ஒரே ராத்திரியில் 800 ரூபாய் பிடுங்கும் சக்கரத்திடம் விலையைக்கூட ரூபாயில் எழுதச் சொல்லவில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். வங்கியிலும் அதையேதான் கேட்டார்கள். பின் நம்பர் சரியாகப் போடப்பட்டிருக்கிறது, ஆகவே வாடிக்கையாளர் ஒப்புதலோடு நடந்த பரிவர்த்தனை என்றார்கள். அவர்கள் விதிப்படி அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த பின் நம்பரைப் போட்டதே பையன்தான். மூன்று வருடம் முன்பு தங்கைக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தபோது யுபிஐ எப்படி அனுப்புவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன். கேஸ் புக் பண்ணுவது அவன், கரண்ட் பில் கட்டுவது அவன். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதுதான் நிலைமை. வீட்டுக்கு ஐடி ஆபீசரே அந்த எட்டாம் வகுப்புப் பையன்தான். அவனிடமிருந்து பின் நம்பரை மறைத்து வை என்று தாயிடம் சொல்வது, சாவி செய்து கொடுத்தவனிடமிருந்தே பூட்டை மறைக்கச் சொல்வதற்குச் சமம். வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ்களும் வந்திருக்கின்றன, ஆங்கிலத்தில், கடன் விளம்பரங்களுக்கும் ரீசார்ஜ் விளம்பரங்களுக்கும் நடுவில்.

என் கடைக்கும் இதில் பங்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். பிரவுசிங் போய் இப்போது ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரீசார்ஜ் என்று ஓடுகிறது. சாயங்காலம் நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வருவார்கள். நாலாக மடித்த நூறு ரூபாய் நோட்டு, உள்ளங்கை வேர்வையில் ஈரமாக. 'அண்ணா, ஒரு ரீடீம் கோடு.' விளையாட்டுக்குள் காசுக்குப் பதிலாகப் போடுகிற எண் அது. என் போனில் வாங்கி, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். நூறுக்கு 105 வாங்குவேன். அந்த அஞ்சு ரூபாய் எத்தனை தடவை என் கல்லாவில் விழுந்தது என்று எண்ணிப் பார்க்க எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. மருமகன் விஷயம் தெரிந்த அன்றிலிருந்து யூனிஃபார்ம் போட்ட யாருக்கும் கொடுப்பதில்லை. அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

சரி, இனி உங்கள் சட்டத்துக்கு வருகிறேன். இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2025. ஆகஸ்ட் 20 மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்றே நாள். காசு வைத்து ஆடும் ஆட்டத்தை நடத்தினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு வருடம், 50 லட்சம். ஆடியவரைத் தண்டிக்காமல் நடத்தியவரைப் பிடித்தீர்கள், அது நியாயம். ரம்மியில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தனிநபர் கடனுக்கு விண்ணப்பம் போட என் கடைக்கு வந்தவர்கள் அவர்கள். தமிழ்நாடு இதற்காக எவ்வளவு அலைந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். 2021இல் ஒரு சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு நீதிபதி சந்துரு குழு, 2022இல் அவசரச் சட்டம், அதற்குப் பதிலாக வந்த மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல். அந்த வகையில் நீங்கள் செய்ததைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

குறை என்னவென்றால், விளையாட்டுகளை மின் விளையாட்டு (போட்டியாக நடத்தும் இ-ஸ்போர்ட்ஸ்), சமூக விளையாட்டு, பண விளையாட்டு என்று மூன்றாகப் பிரித்துவிட்டு, நடுவில் ஒரு பெரிய இடத்தை வேலி போடாமல் விட்டுவிட்டீர்கள். சமூக விளையாட்டு என்றால் சந்தாவோ ஒருமுறைக் கட்டணமோ வாங்கலாம், அது பந்தயமாக இருக்கக் கூடாது என்கிறது சட்டம். பண விளையாட்டு என்றால் காசு கட்டி, பணமோ வேறு ஆதாயமோ கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஆடுவது. காயின், டோக்கன் எல்லாம்கூட அந்தப் பணயத்தில் சேரும் என்றும் இருக்கிறது. அப்படியென்றால் காசுக்கு டைமண்ட் வாங்கி, அந்த டைமண்டை வைத்துச் சுற்றும் சக்கரம் எதில் சேரும்? மூன்று தடவை படித்தேன். ஒரு தடவை உள்ளே வருகிறது, ஒரு தடவை வெளியே போகிறது. நிறுவனத்துக்கு மட்டும் சந்தேகமே இல்லை, அவர்களைப் பொறுத்தவரை வெளியே. வழக்கறிஞர் வைத்து வாதாட 16,830 ரூபாய்க்காரருக்கு வழி இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

உலகத்தில் யாரும் யோசிக்காத விஷயமும் இல்லை இது. திறந்தால் என்ன விழும் என்று தெரியாமல் காசுக்கு விற்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளை 2018இலேயே பெல்ஜியம் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. எந்தப் பொருள் எத்தனை சதவீதத்தில் விழும் என்று வெளியிட வேண்டும் என்ற விதியைச் சீனா 2017இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது, தென் கொரியா 2024 மார்ச்சிலிருந்து சட்டமாகவே வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டை நடத்தும் நிறுவனம், தெரியாமல் ஒரு பட்டனைத் தொட்டாலே காசு போகிற மாதிரி வைத்திருந்தது, பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் வாங்கவும் விட்டது என்ற வழக்கில் 2022இல் 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டு வங்கியில் முறையிட்டவர்களின் கணக்கையே பூட்டினார்கள் என்பதும் அந்த வழக்கில் வந்த குற்றச்சாட்டு. நான் ஐந்தாவது கடிதம் எழுதிய பிறகு மருமகனின் கணக்கும் பூட்டப்பட்டது. காரணம் சொல்லவில்லை.

நம் நாட்டிலும் சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. 18 வயது ஆகாதவரோடு செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வருகிறது. 1903இல் மொஹரி பீபி வழக்கில் அன்றைக்கு மேல்முறையீட்டுக்குக் கடைசி இடமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலே அதை உறுதி செய்துவிட்டது என்று கடைக்கு ஸ்டாம்ப் பேப்பர் வாங்க வரும் ஒரு வக்கீல் சொன்னார். பொய்யான அவசரம் காட்டி வாங்கவைப்பது உட்பட 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க நுகர்வோர் விவகாரத் துறை 2023 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தச் சிவப்புக் கடிகாரம் அதில் அப்படியே பொருந்தும். ஆனால் நுகர்வோர் விஷயம் ஒரு துறை, விளையாட்டு விஷயம் உங்கள் துறை, பணம் போனது வங்கி விஷயம். தங்கை மூன்று கதவையும் தட்டிவிட்டாள். ஒவ்வொரு கதவிலும் அடுத்த கதவின் முகவரியைத்தான் கொடுத்தார்கள்.

இதுவரை நீங்கள் எடுத்த நடவடிக்கைகளை என் கடை மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தீர்கள். காரணம் நாட்டுப் பாதுகாப்பு, அதில் நான் கருத்துச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரமே பையன்கள் பென்டிரைவில் ஏபிகே, அதாவது செயலியை நேரடியாகப் போனில் ஏற்றும் ஃபைல், கேட்டு வந்தார்கள். காசு கொடுத்து அவர்கள் வாங்கியிருந்ததெல்லாம் அந்தரத்தில் நின்றது. 2021 ஜூலையில் அதே விளையாட்டு புதுப் பெயரில் வந்தது, பழைய கணக்கை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அது நிறுவனத்தின் தயவு. யாருக்கும் அதில் உரிமை என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. 2022 ஜூலையில் அதுவும் காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை, ஆனால் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் செயலிக் கடையிலேயே இருந்தது. இத்தனை கண்ணாமூச்சியிலும் சக்கரத்தை ஒருவரும் தொடவில்லை.

நேர வரம்பு வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தென் கொரியா 2011இல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 வரை கதவை மூடியது. அப்பா அம்மா எண்ணைப் போட்டுப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். பத்து வருடம் கழித்து அந்தச் சட்டத்தை அவர்களே எடுத்துவிட்டார்கள்.

அதைவிட எனக்குப் பயம், எல்லாருக்கும் ஆதார் கேட்கலாம் என்ற யோசனை. பிரவுசிங் சென்டரை மூடும்போது என்னிடம் பதினொரு நோட்டுகளும் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய அடையாள அட்டை ஜெராக்ஸும் இருந்தன. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கல்லூரிப் பெண்களின் ஐடி, படத்தோடு, முகவரியோடு. இத்தனை வருடத்தில் அந்த நோட்டைக் கேட்டு யாரும் வந்ததில்லை. பரணில் கரையான் ஏறியதும், கொஞ்சம் எரித்தேன், மிச்சத்தைப் புத்தி இல்லாமல் பழைய பேப்பர் கடையில் போட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பேருந்து நிலையத்தில் வாங்கிய வறுகடலைப் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே ஒரு பையனின் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட். அதன் ஓரத்தில் என் கையெழுத்தில் 'சிஸ்டம் 4, 5.10' என்று இருந்தது. அன்றைக்கு எனக்குக் கடலை இறங்கவில்லை. அடையாளம் காட்டு என்று சட்டம் போடுவது சுலபம். காட்டிய அடையாளம் பிறகு எங்கே போகும் என்று என்னைப் போன்ற ஆட்களிடம் கேளுங்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தீர்கள், பிள்ளைகளின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றீர்கள். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு அப்போதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்தீர்கள். அதிலும் பெற்றோரை உறுதி செய்கிறேன் என்ற பெயரில் இன்னொரு அட்டைப்பெட்டி உருவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை எத்தனை மணி நேரம் ஆடுகிறான், எந்தத் துப்பாக்கியால் சுடுகிறான் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். திட்டவும் தெரியும், போனைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் வைக்கவும் தெரியும். எங்கள் கைக்கு எட்டாதது அவர்களுடைய கல்லா. அதற்குத்தான் உங்களிடம் வருகிறேன்.

காசு கொடுத்து, என்ன கிடைக்கும் என்று தெரியாமல் சுற்றும் சக்கரம், திறக்கும் பெட்டி, எதுவானாலும் அது சட்டத்தில் எந்தப் பக்கம் என்று உங்கள் விதிகளில் பெயர் சொல்லி எழுதுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதை விற்கக் கூடாது என்று எழுதுங்கள். பெரியவர்களுக்கு விற்றால், எது எத்தனை சதவீதம் விழும் என்பதைச் சக்கரத்தின் பக்கத்திலேயே போடவேண்டும், நாலு பக்கம் தள்ளி ஒளித்து வைக்கக் கூடாது.

விலையை ரூபாயில் போடச் சொல்லுங்கள். டைமண்ட், காயின் என்று என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், பக்கத்தில் ரூபாய் இருக்க வேண்டும். இந்த மாதம் இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறாய் என்ற மொத்தத் தொகை, வாங்கும் பட்டனுக்கு மேலேயே தெரிய வேண்டும். மருமகன் கணக்கு நோட்டில் மூன்றாவது வாரம் எழுதாமல் விட்ட அந்தக் கூட்டலை விளையாட்டே செய்யட்டும்.

எந்தக் கணக்கானாலும் தொடக்கத்தில் மாதத்துக்கு ஒரு சிறிய வரம்பு இருக்கட்டும், 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை உயர்த்த வேண்டுமானால் மட்டும் பெரியவர் என்று உறுதி செய்யுங்கள். உறுதி செய்தாயிற்று என்ற ஒரு குறி போதும், அட்டையின் நகல் நிறுவனத்திடம் போகக் கூடாது. உயர்த்திய வரம்பு 24 மணி நேரம் கழித்து நடைமுறைக்கு வரட்டும். ராத்திரி பதினொரு மணிக்கு வரும் வேகம் காலையில் பாதி பேருக்கு இருக்காது, பத்து வருடம் கடை நடத்தியவன் சொல்கிறேன். என்னைப் போல ரீடீம் கோடு விற்கும் கடைகளுக்கும் விதி போடுங்கள். போட்டால் நான் முனகமாட்டேன்.

பிள்ளை வாங்கிவிட்டான் என்று பெற்றோர் 60 நாளுக்குள் சொன்னால் பணம் திரும்ப வேண்டும். அதை ஒரு மனிதர் படித்து, காரணத்தோடு பதில் எழுத வேண்டும். கேட்டதற்காகக் கணக்கைப் பூட்டக் கூடாது. புகாரைத் தமிழில் கொடுக்கவும் தமிழில் பதில் பெறவும் வழி வேண்டும், எந்தத் துறையைச் சேர்ந்தது என்று நாங்கள் கண்டுபிடிக்கத் தேவையில்லாத ஒரே இடத்தில்.

ஸ்டேட்மென்ட் இரண்டு பக்கம், ஐந்து கடிதங்கள், அவற்றுக்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து அமைச்சகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். ஜெராக்ஸ் செலவு என் கணக்கு. பதில் எனக்கு வேண்டாம், தங்கை பெயருக்கு அனுப்புங்கள், தமிழில். அவள் படித்துப் பார்ப்பாள், பையனைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
கோவில்பட்டியில் முன்பு பிரவுசிங் சென்டர் நடத்தியவன்